பெட்டி மேல் விழுந்த பழி

எங்கள் கம்மாபுரம் பக்கம் ஒரு வண்டி மேடேறத் திணறினால் நோய்க்குப் பெயர் உடனே வந்துவிடும். "கிளட்ச் போச்சு." கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் "பல்லு கடிக்குது." போட்ட கியர் தானாக வெளியே வந்தால் "கியர் துப்புது." விருத்தாசலம் சாலையில் உள்ள எந்தப் பட்டறையிலும் இந்தச் சொற்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1986இல் வந்த டாடா 407, அதற்கு முன்பிருந்தே ஓடிய மஹிந்திரா, கரும்பு ஏற்றும் டிராக்டர் என்று எல்லாமே கையாலும் காலாலும் ஓட்டுகிற வண்டிகள். நோயும் கையிலும் காலிலும்தான் தெரியும். பெடல் இறுகினால் ஒன்று, தொளதொளத்தால் வேறொன்று.

ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தப் பெடலே கிடையாது. பெடல் இல்லாத இடத்தில் நம் பட்டறைத் தமிழும் நின்றுவிடுகிறது. சொல் தீர்ந்தால் தீர்ப்பு வந்துவிடும், அதுவும் இரண்டே வார்த்தையில்: "பாக்ஸு போச்சு." அந்த இரண்டு வார்த்தைக்கு விலை அதிகம். கியர் பாக்ஸை இறக்கி, பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கி, ஏற்றி, எண்ணெய் ஊற்றி முடிக்கும்போது ஒரு பழைய பிக்கப்பின் பாதி விலை போயிருக்கும். அதற்குப் பிறகும் அதே திணறல் இருந்தால்?

இருக்கும். அப்படி ஒன்றை என் சித்தப்பா சொல்லித்தான் இந்த விஷயத்துக்குள் நான் வந்தேன். ஷார்ஜா தொழிற்பேட்டையில் பதினேழு வருடம் ஸ்பேனர் பிடித்தவர் அவர். காய்கறி ஏற்றும் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ், ஆட்டோமேட்டிக், அவரிடம் வந்தது. இன்ஜின் ஊளையிட்ட பிறகுதான் அடுத்த கியர் விழும், விழும்போது முதுகில் ஒரு குத்து. வேறொரு பட்டறையில் ஏற்கெனவே பாக்ஸ் மாற்றியாகிவிட்டது. ஓட்டுபவர் நம்ம ஊர்க்காரர்தான், அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் அதில் போயிருந்தது. குத்து மட்டும் போகவில்லை.

"பாக்ஸு புதுசு, கேபிள் பழசு. யாருமே அந்தக் கேபிளைப் பாக்கல தம்பி" என்றார் சித்தப்பா.

எந்தக் கேபிள், அது பாக்ஸிடம் என்ன சொல்கிறது, ஒரு பெட்டிக்கு யாராவது ஏதாவது சொல்லவேண்டிய அவசியம் என்ன? இதற்குப் பதில் தேடினால் நூற்றுச் சொச்சம் ஆண்டு பின்னால் போகவேண்டியிருக்கிறது. சாலையை விட்டு, கடலுக்கு.

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் ஸ்டெட்டின் நகரத்தில், வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அப்போது கப்பலுக்கு நீராவி டர்பைன் வந்திருந்தது. டர்பைனுக்கு வேகமாகச் சுற்றினால்தான் பிடிக்கும், கப்பலின் விசிறிக்கு மெதுவாகச் சுற்றினால்தான் பிடிக்கும். நடுவில் பற்சக்கரம் வைக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய சக்தியைத் தாங்கும் பற்சக்கரம் செய்வது அன்று சிரமம். ஃபோட்டிங்கர் பற்களைத் தூக்கிவிட்டு நடுவில் திரவத்தை வைத்தார். 1905இல் காப்புரிமை.

இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால் காற்று பட்டு மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய், திறந்த வெளிக்குப் பதில் மூடிய உருண்டை என்று வைத்துக்கொண்டால் அது திரவ இணைப்பு. திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் மடக்கிவிட நடுவில் மூன்றாவதாக ஒரு விசிறியை நிறுத்தினால், சுழற்றும் வலு வாங்கியதைவிட அதிகமாக வெளியே வரும். அதுதான் டார்க் கன்வெர்ட்டர். நடு விசிறியின் பெயர் ஸ்டேட்டர். இன்ஜினும் சக்கரமும் இரும்பால் பிணைக்கப்படவில்லை என்பதால் வண்டி நின்றாலும் இன்ஜின் நிற்காது. கிளட்ச் பெடல் காணாமல் போனது இப்படித்தான்.

1930களில் ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஷோல்ம் உருவாக்கிய ஒரு கன்வெர்ட்டரை இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் தன் பஸ்களில் பொருத்தியது. 'கியரில்லாப் பேருந்து' என்று பஸ் முகப்பிலேயே எழுதியும் வைத்தார்கள். அதே லேலண்ட் 1955இல் சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. ஆனால் நம் சாலைகளுக்கு வந்தது கை கியர் பஸ்தான். அரைத் தூக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டிரைவர் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே ஊர் வந்துவிட்டதா என்று கணிக்கும் தலைமுறை ஒன்று இங்கே உருவானதற்குக் காரணம் அது.

அமெரிக்காவில் கதை வேறு பக்கம் போனது. கியர் கடிக்காமல் விழ வைக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பைக் கண்டுபிடித்த ஏர்ல் தாம்ப்சன், ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு குழுவை வைத்துக்கொண்டு கியர் மாற்றும் வேலையையே மனிதனிடமிருந்து பிடுங்க முனைந்தார். 1939இல் அறிமுகமாகி, 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது ஹைட்ரா-மேட்டிக். திரவ இணைப்பும் நான்கு வேகங்களும் கொண்ட பெட்டி. இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு கேடிலாக் இன்ஜின்களும் இரண்டு ஹைட்ரா-மேட்டிக் பெட்டிகளும் ஓடின. போர் முடிந்ததும் 'போர்க்களத்தில் சோதிக்கப்பட்டது' என்று விளம்பரம் செய்தார்கள். 1953இல் ஃபோர்டின் எஃப்-100 பிக்கப்பிலும், 1954இல் ஜெனரல் மோட்டார்ஸின் இலகு ரக லாரிகளிலும் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. சுமை வண்டிக்குள்ளும் அது நுழைந்துகொண்டிருந்த காலம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெட்டிக்குள் மின்சாரம் கிடையாது, கணினி கிடையாது. எந்த நேரத்தில் எந்தக் கியர் என்று முடிவெடுத்தது எண்ணெயின் அழுத்தம் மட்டும். பெட்டிக்கு அடியில் வால்வ் பாடி என்று ஓர் அலுமினியப் பலகை உண்டு. கழற்றிப் பார்த்தால் கரையான் அரித்த கதவுப் பலகை மாதிரி இருக்கும். அந்த வளைந்த வழிகளில் எண்ணெய் ஓடும். இரண்டு செய்திகள் அங்கே எதிரெதிரே மோதும். ஒன்று, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது. இன்னொன்று, ஓட்டுபவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார். வேகத்தின் அழுத்தம் ஜெயித்தால் வால்வு நகரும், அடுத்த கியர் விழும். மிதியின் அழுத்தம் ஜெயித்தால் வண்டி அதே கியரில் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

முதல் செய்தி பெட்டிக்கு உள்ளேயே பிறக்கிறது. இரண்டாவது செய்தி வெளியிலிருந்து வரவேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தது பெட்டிக்கு எப்படித் தெரியும்? ஒரு தூதன் வேண்டும். சில வண்டிகளில் அந்தத் தூதன் ஒரு கம்பி. பழைய டொயோட்டாக்களில் த்ராட்டிலிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒரு மெல்லிய கேபிள். பல அமெரிக்கப் பெட்டிகளில் ஒரு ரப்பர் ஹோஸ். இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் அந்த ஹோஸ் வழியாகப் பெட்டியின் பக்கத்திலுள்ள மாடுலேட்டர் என்ற சின்ன டப்பாவை எட்டும். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு. மிதி கூடினால் வெற்றிடம் குறையும், சவ்வு நகரும், செய்தி போய்ச் சேரும்.

ஆட்டோமேட்டிக் பெட்டியின் வரலாறு இந்தத் தூதர்களின் வரலாறுதான் என்று எனக்குப் படுகிறது. கம்பி, ஹோஸ், கேபிள், கடைசியில் ஒயர். தூதன் பொய் சொன்னால் அரசன் தவறான உத்தரவு போடுவான். பழி அரசன் மேல் விழும். ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தால் எப்போதும் முழு மிதி மிதிக்கிறார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக விழும். சவ்வு கிழிந்தால் இன்ஜின் அந்த ஹோஸ் வழியாகவே கியர் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இருக்காது. எண்ணெய் மட்டும் குறைந்துகொண்டே வரும், புகைக்குழாயில் வெண்புகை வரும். இன்ஜின் போச்சு என்று ஒருவர் சொல்வார், பாக்ஸ் போச்சு என்று இன்னொருவர் சொல்வார். போனது உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா.

சித்தப்பாவிடம் வந்த ஹைலக்ஸில் நடந்ததும் இந்த வகைதான். டொயோட்டாவின் அந்தக் கேபிளில் ஒரு சின்ன உலோகத் தடுப்பும் அதையொட்டி ஒரு ரப்பர் உறையும் இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தியபோது இரண்டுக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்பது அந்தக் காலத்துக் கையேட்டுக் கணக்கு. தொய்வாக இருந்தால் பெட்டிக்கு அழுத்தம் போதாது. கியர் சீக்கிரமே மெத்தென்று விழும், உள்ளே கிளட்ச் வழுக்கும், சில மாதத்தில் கருகும். அதிகம் இறுகியிருந்தால் ஊளையும் குத்தும். பாக்ஸை மாற்றியவர்கள் பழைய கேபிளை அதே இறுக்கத்தில் திரும்ப மாட்டியிருந்தார்கள். இரண்டு நட்டைத் தளர்த்தி, நகர்த்தி, பூட்டியதோடு வேலை முடிந்தது. "ரெண்டு மாசச் சம்பளம், ஒரு மில்லிமீட்டரு" என்று சித்தப்பா சொன்னபோது சிரிக்கவில்லை.

தூதனை விசாரிப்பதற்கும் முன்னால் கேட்கவேண்டிய சாட்சி ஒன்று உண்டு. எண்ணெய்.

நம் சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று இருக்கிறது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் கடைசியானதில் நீர்க்குறி, நெய்க்குறி என்று இரண்டு பார்வை. நீரின் நிறம், மணம், நுரை பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பது நெய்க்குறி. அது உடம்பைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கியர் பாக்ஸ் விஷயத்தில் அச்சு அசலாக இதே இரண்டு தேர்வும் வேலை செய்கின்றன என்பது எனக்கு ஆச்சரியம்.

ஆட்டோமேட்டிக் எண்ணெயில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். தரையில் ஒழுகினால் இன்ஜின் ஆயிலா, இதுவா என்று பார்த்ததும் தெரியவேண்டும் என்பதற்காக. பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவேண்டும். சிவப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பேறி, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகளின் மேலுறை கருகுகிறது. அந்த உறை பெரும்பாலும் காகித இழையால் ஆனது, அதனால்தான் அந்த வாடை. நுரைத்திருந்தால் எண்ணெய் அளவு கூடியோ குறைந்தோ காற்று கலக்கிறது. ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் கதை மோசம். ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம், அந்தக் காகித உறை தண்ணீருக்குத் தாங்காது. பிறகு நெய்க்குறி. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல எண்ணெய் அகலமாக, வெளிறிய சிவப்பில் பரவும். கெட்டது கருத்து, சுருங்கி, விட்ட இடத்திலேயே நிற்கும்.

இந்த எண்ணெய்க்குள் ஒரு திமிங்கிலமும் இருந்தது. வழுக்கவேண்டிய நேரத்தில் வழுக்கி, பிடிக்கவேண்டிய நேரத்தில் உதறாமல் பிடிக்கவேண்டும் என்பதற்காக எண்ணெயில் ஒரு சேர்மானம் உண்டு. அமெரிக்க ஆட்டோமேட்டிக் எண்ணெய்களில் வெகுகாலம் அந்தச் சேர்மானம் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயிலிருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டங்கள் வந்ததும் அது நின்றுபோனது. மாற்று தேடினார்கள். அடுத்து வந்த எண்ணெய் வகைகளில் ஒன்று, ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானின் ஈயப் பற்றை அரிப்பதாகத் தெரிந்து, அதையும் திருத்தவேண்டி வந்தது. திமிங்கிலத்தைக் காப்பாற்றியது சரிதான், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் ஒரு பட்டறைக்காரன் கண்ணால் பாருங்கள். நேற்றுவரை ஓடிய வண்டி இன்று உதறுகிறது. காரணம் பெட்டியில் இல்லை, கேபிளிலும் இல்லை, கடலிலும் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. டப்பாவின் மேலுள்ள எண்ணெய்ப் பெயரைப் படிப்பதும் நோயறிதலில் ஒரு பகுதி என்று ஆனது இப்படித்தான்.

எண்ணெயும் தூதனும் குற்றமற்றவர்கள் என்றால் பெட்டியையே விசாரிக்கலாம். அப்போதும் திறக்கத் தேவையில்லை. நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளி, வண்டி லேசாக அதிரும்வரை எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பார்ப்பது ஒரு சோதனை. டொயோட்டா கணக்கில் அது 1.2 விநாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குள் இருக்கவேண்டும். நேரம் கூடினால் அழுத்தம் குறைவு, அல்லது கிளட்ச் தேய்வு. டிரைவில் மட்டும் தாமதமா, ரிவர்ஸில் மட்டுமா, இரண்டிலுமா என்பதை வைத்தே உள்ளே எந்த அறை என்று குறுக்கிவிடலாம். ஸ்டால் சோதனை இன்னும் கடுமையானது. சக்கரத்துக்கு முட்டு கொடுத்து, இரண்டு பிரேக்கும் பிடித்து, டிரைவில் போட்டு முழு மிதி. ஐந்து விநாடிக்கு மேல் போகக்கூடாது, எண்ணெய் கொதித்துவிடும். முன்னால் யாரும் நிற்கவும் கூடாது. இன்ஜின் சுற்று சொல்லப்பட்ட அளவைத் தாண்டினால் உள்ளே வழுக்கல். அளவை எட்டவே இல்லை என்றால் இன்ஜினுக்கு வலு இல்லை, அல்லது ஃபோட்டிங்கரின் அந்த நடு விசிறி தன் பிடியை விட்டுவிட்டது. மேட்டில் திணறும் வண்டிக்குப் பாக்ஸ் மாற்றி, கடைசியில் இன்ஜின்தான் சோணி என்று தெரியவரும் கதைகளை இந்த ஐந்து விநாடி தடுக்கும்.

1980களில் பெட்டிக்குள் மின்சாரம் வந்தது. டொயோட்டாவின் ஏ340 வரிசைப் பெட்டிகள் 1985 வாக்கில் தொடங்கி, ஹைலக்ஸ் உட்படப் பல வண்டிகளில் ஓடின. கணினி உள்ள ரகங்களில் வால்வைத் தள்ள சோலனாய்டு. கோளாறு வந்தால் ஓவர்டிரைவ் விளக்கு கண் சிமிட்டும். பானட்டைத் திறந்து, சோதனைப் பெட்டியில் இரண்டு துளைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் அது கணக்காகச் சிமிட்டும். ஆறு முறை, ஒரு நிறுத்தம், இரண்டு முறை என்றால் 62, முதல் சோலனாய்டு. 63 இரண்டாவது. 61 என்றால் வேக சென்சார். ஸ்கேனர் எதுவும் வேண்டாம், ஒயரும் எண்ணத் தெரிந்த கண்ணும் போதும். பள்ளிக்கூடம் முடிக்காதவர்களும் இதைப் பிரமாதமாகப் படித்தார்கள் என்பார் சித்தப்பா.

இந்தியாவுக்கு இது முற்றிலும் அந்நியமா என்றால், இல்லை. மன்மோகன் சூரி என்ற பொறியாளர் டீசல் ரயில் இன்ஜின்களுக்காக, திரவமும் பற்சக்கரமும் சேர்ந்து இயங்கும் ஒரு அமைப்பை உருவாக்கினார். சூரி டிரான்ஸ்மிஷன் என்றே அதற்குப் பெயர். 1962இல் அவருக்கு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. பின்னாளில் துர்காபூர் ஆய்வகத்தில் ஸ்வராஜ் டிராக்டர் உருவானதும் அவர் தலைமையில்தான். எங்கள் ஊருக்கு இன்னும் பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. 1957இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம். இதுமாதிரிச் சுரங்கங்களில் மண் தள்ளும் பெரிய டோசர்கள் ஓடுவது டார்க் கன்வெர்ட்டரில்தான். அழுத்தமானி மாட்டி எண்ணெயின் நாடி பிடிப்பது அந்த உலகத்தில் அன்றாட வேலை. ஆனால் அந்த அறிவு வேலிக்கு வெளியே உள்ள எங்கள் பட்டறைகளுக்கு நடந்து வரவில்லை. வரவேண்டிய தேவையும் அன்று இல்லை. ஊரில் ஒரு ஆட்டோமேட்டிக் வண்டிகூட இல்லாதபோது யார் கற்பார்கள்?

2014இல் மாருதி செலேரியோ வந்தபிறகு நிலைமை மாறியது. குறைந்த விலையில் 'ஆட்டோமேட்டிக்.' உண்மையில் அது வேறு பிராணி. நம் பழைய கை கியர் பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் ஒரு இயந்திரக் கை. அங்கே கன்வெர்ட்டர் இல்லை, ஸ்டால் சோதனைக்கு அர்த்தமும் இல்லை. பெல்ட்டில் ஓடும் சிவிடி மூன்றாவது பிராணி. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். அதனால் இன்று முதல் கேள்வி "என்ன கோளாறு?" என்பதாக இருக்கமுடியாது. "இது எந்த ஆட்டோமேட்டிக்?"

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது, எனக்கு உறுத்துவது அதுதான். புதிய பெட்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. சீல் வைத்தது, ஆயுளுக்கும் எண்ணெய் மாற்றவேண்டாம் என்கிறார்கள். யாருடைய ஆயுளுக்கு என்று சொல்வதில்லை. முகர்ந்து பார்க்க வழியில்லை, தாளில் சொட்டுவிட வழியில்லை. ஸ்கேனர் மாட்டினால் ஓர் எண் வரும். எண் பொய் சொல்லாது, ஆனால் பாதிதான் சொல்லும். சோலனாய்டு சுற்றில் கோளாறு என்று வந்தால் சோலனாய்டே கெட்டிருக்கலாம், எலி கடித்த ஒயராக இருக்கலாம், பேட்டரி முனையில் பூத்த பூஞ்சையாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்ததும் பாகத்தை மாற்றுவது, பழைய "பாக்ஸு போச்சு" தீர்ப்பு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததுதான்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய கைகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அந்த விரல்களுக்கும் மூக்குக்கும் தெரிந்த இந்த விசாரணை முறைக்குத் தமிழில் ஒரு புத்தகம்கூட என் கண்ணில் பட்டதில்லை. அவர்கள் சொன்ன வரிசையை இங்கே எழுதிவைக்கிறேன். முதலில் எண்ணெய், அதன் அளவும் நிறமும் வாடையும். அடுத்து தூதன், அது ஹோஸோ கேபிளோ ஒயரோ. அடுத்து நேரம். அடுத்து இன்ஜினின் வலு. அடுத்து அழுத்தம், அடுத்து விளக்கின் எண். இத்தனைக்கும் பதில் வந்தபிறகும் சந்தேகம் பெட்டி மேலேயே நின்றால், அப்போது ஜாக்கியைப் போடலாம். இறக்கி ஏற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகும். இந்தக் கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் போதும்.